பெட்டி எங்கே போகுது?

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. போன் அடித்தால் எடுக்கமாட்டேன் என்கிறாய். அதனால்தான் பல வருஷத்துக்குப் பிறகு பேனா பிடிக்கிறேன்.

நேற்று டிப்போவில் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். நம் ஊர் ஆள் ஒருவன், ஆளுங்கட்சியின் தொண்டர் படையில் புதிதாகச் சேர்ந்தவன், படம் போட்டிருக்கிறான். பழுப்புச் சீருடைச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். காலரின் உள்பக்கம் தெரிகிறது. அங்கே சிவப்பு மையில் ஒரு கத்தரி, அதன் கீழே நம் கடையின் பெயர். அப்பாவின் லேபிள், அக்கா! பெரிதாக்கிப் பார்த்தேன். கத்தரியின் ஒரு பிடி இன்னொன்றைவிடச் சின்னதாக வந்துவிட்டது என்று லேபிள் அடித்தவனோடு அப்பா மல்லுக்கு நின்றாரே, அதே கோணல் கத்தரிதான்.

அந்தக் கும்பலுக்கா சட்டை தைத்துக் கொடுக்கிறாய்? உனக்கு மறந்துபோயிருந்தால் நினைவுபடுத்துகிறேன். அந்தத் தேர்தல் நாள் சாயங்காலம், பள்ளிக்கூடத்திலிருந்து இதே கட்சி ஆட்கள் ஓட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது ஊர் முழுக்கச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றது. அப்பா மட்டும் குறுக்கே போய், "பெட்டி எங்கே போகுது?" என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அவருடைய வலது கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஒரு தையல்காரனின் வலது கை. அதன் பிறகு கடைசிவரை இடது கையால்தான் துணி வெட்டினார். கதவைச் சாத்தியவன் முகத்தைப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். சாட்சி சொல்கிறேன் என்றேன். சொல்லவிடாமல் என்னைக் கப்பல் ஏற்றினீர்கள்.

அந்த மனுஷனின் பேரை அந்தக் கழுத்துகளில் தைத்து வைத்திருக்கிறாய். உனக்கு ஊசி குத்தவில்லையா?

ஆர்டரை நிறுத்து. இல்லையென்றால் கடைப் பலகையைக் கழற்றிவிட்டு வேறு பேரில் யாருக்கு வேண்டுமானாலும் தை. இரண்டும் முடியாதென்றால் எனக்கு அக்கா இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை நம் ஊர்க்காரர்கள் வானொலியில் எனக்கு அரை மணி நேரம் இருக்கிறது. இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

முதலில், இந்தக் கடிதத்தை நடுவில் பிரித்துப் படிக்கும் ஐயாவுக்கு வணக்கம். தம்பியின் கடிதத்தை நீங்கள் திரும்ப ஒட்டிய பசை கொஞ்சம் மட்டம். நல்ல பசை வாங்கச் சொல்லி மேலே எழுதிப் போடுங்கள்.

இனி உனக்கு. நீ வானொலியில் பேசியதை நான் கேட்கவில்லை. கேட்டவர்கள் மறுநாள் காலையில் கடைக்கு வந்தார்கள். இரண்டு பேர். மரியாதையாகத்தான் பேசினார்கள். "உங்க தம்பி நல்லாப் பேசறார்மா" என்று சொல்லிவிட்டு என் போனை எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கு முன்பு ஏன் எடுக்கவில்லை என்கிறாயா? உன் கத்தலைக் கேட்கப் பிடிக்கவில்லை. நீ அங்கே மைக்கைப் பிடித்தால் இங்கே என் கதவு தட்டப்படுகிறது. இருமுவது நீ, மருந்து குடிப்பது நான்.

சீருடைக் கதைக்கு வருகிறேன். நான் ஒண்டியாக முடிவெடுக்கவில்லை. கடையில் இப்போது ஏழு பேர். நான், காஜா மாமா, ஐந்து பெண்கள். மாமாவுக்குக் கண் பாதி போய்விட்டது. ஆனாலும் காஜா எடுப்பதும் லேபிள் வைப்பதும் இன்னும் அவர்தான், யாரையும் தொடவிடமாட்டார். கட்சிக்காரர் வந்து துணியை இறக்கிவிட்டு, நாளைக்குள் பதில் சொல்லுங்கள் என்றார். சாயங்காலம் மெஷின்களை நிறுத்திவிட்டு அப்பாவின் பொத்தான் டப்பாவை எடுத்தேன். ஆளுக்கொரு வெள்ளைப் பொத்தான், ஒரு கறுப்புப் பொத்தான். தைக்கலாம் என்றால் வெள்ளை, வேண்டாம் என்றால் கறுப்பு. மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், யாருக்கும் காட்டக்கூடாது. சினிமாவுக்குப் போவதா வேண்டாமா என்பதற்குக்கூட அப்பா நமக்கு இப்படித்தானே ஓட்டு வைப்பார். கொட்டி எண்ணினோம். ஐந்து வெள்ளை, இரண்டு கறுப்பு.

அந்த ஐந்து பேர் யார் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தியின் புருஷன் படுக்கையில் கிடக்கிறான். ஒருத்தி மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறாள். மாட்டேன் என்றால் மறுநாள் முதல் வேறு ஆர்டர் எதுவும் கடைக்குள் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் போட்டார்கள், நான் தைத்தேன். எனக்குப் பிடிக்காத முடிவு என்றால் டப்பாவைத் தூக்கி எறிந்துவிடலாமா? அப்பா அப்படியா வளர்த்தார்?

லேபிள் வைக்கக்கூடாது என்று கட்சிக்காரர் கண்டிப்பாகச் சொன்னார். நானும் மாமாவிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். தலை கேட்டது, கை கேட்கவில்லை. காலர் கையில் வந்தால் லேபிளை வைப்பது அந்தக் கைக்கு மூச்சு விடுகிற மாதிரி. எல்லாச் சட்டையும் மூட்டை கட்டிப் போன பிறகுதான் லேபிள் பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்தேன். மனுஷன் என்னைவிட அதிகமாக அழுதார். இதுதான் நடந்தது. உன் வானொலியில் இதையும் சொல்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உன் வீட்டு முன்னால் புல்வெளியில் ஒரு தேர்தல் பலகை நட்டிருக்கிறாயாமே? "வெளியிலிருந்து வந்தவர்களை வடிகட்டுவேன், அவர்கள் ஓட்டை நிறுத்துவேன்" என்று மேடைக்கு மேடை கத்துகிற ஆளின் பலகை. உன் மகள் ஊசி போன மாசம் பேசியபோது சொன்னாள். அவளுக்கு அந்தப் பட்டப்பேரை அப்பா போட்டோ பார்த்தே வைத்தார். சரியாகத்தான் வைத்தார், நறுக்கென்று குத்துகிறாள்.

நீ எங்கிருந்து போனாய் தம்பி? உள்ளேயிருந்தா?

அக்கா


மார்ச் 20

அக்காவுக்கு,

என் புல்வெளியில் நான் எதை நட்டால் உனக்கென்ன?

உனக்கு இங்கத்து நிலவரம் தெரியாது. நான் இந்த நாட்டுக்கு வந்து குடியுரிமைப் பேப்பருக்காகப் பத்து வருஷம் காத்திருந்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் கைகட்டி நின்றேன். என் பேரைக் கொலை செய்து கூப்பிட்டபோதெல்லாம் எழுந்து நின்றேன். இப்போது வருகிறவர்கள் இரண்டே வருஷத்தில் எல்லாம் வாங்கிக்கொண்டு, டிப்போவில் எனக்கு வர வேண்டிய பகல் ஷிப்டையும் வாங்கிக்கொள்கிறார்கள். வரிசையில் நின்று வந்தவன் நான். வரிசையை ஒழுங்குபடுத்துவேன் என்று ஒருத்தர் சொல்கிறார், பலகை நட்டேன். இதையும் அந்தக் கதவு சாத்துகிற கும்பலையும் ஒரே தட்டில் வைக்காதே. இங்கே யாரும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பதில்லை.

பொத்தான் கதையைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அயோக்கியத்தனத்தை ஓட்டுக்கு விட்டால் அது நியாயமாகிவிடுமா? ஐந்து பேர் கை தூக்கினால் அப்பாவின் கை சேர்ந்துவிடுமா? நல்ல வசதிதான். பாவத்தை ஏழாகப் பங்கு போட்டுக்கொண்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்.

சரி, நேராகவே கேட்கிறேன். நீ எந்தப் பொத்தானைப் போட்டாய்?

இன்னொன்றும் கேட்கிறேன். இருபத்தாறு வருஷமாக அடக்கி வைத்திருக்கிறேன். நான் இருந்து சாட்சி சொல்வதா, வெளிநாடு போவதா என்று அன்று ராத்திரி டப்பா வைத்தீர்களே. அப்பா, அம்மா, நீ, நான், காஜா மாமா. போகட்டும் என்று மூன்று வெள்ளை, இருக்கட்டும் என்று இரண்டு கறுப்பு. ஒரு கறுப்பு என்னுடையது. இன்னொன்று யாருடையது? அம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இத்தனை நாள் வாழ்ந்துவிட்டேன். அப்படியென்றால் என்னை அனுப்பியவர்களில் நீ ஒருத்தி. அன்று என்னை அனுப்பினாய், இன்று அவர்களுக்குச் சட்டை தைக்கிறாய். இரண்டும் ஒரே கை.

அம்மா போனபோதும் அப்பா போனபோதும் வர முடியாமல் ஆனேன். அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கு உரிமை இல்லையா?

பதில் சொல்.

தம்பி


ஏப்ரல் 8

டேய்,

அப்பா இருந்திருந்தால் அந்த இடது கையாலேயே ஒன்று வைத்திருப்பார்.

எந்தப் பொத்தான் போட்டாய் என்று நம் வீட்டில் யாரும் யாரையும் கேட்டதில்லை. பாயில் படுத்துக்கொண்டு அம்மாவிடம்கூட அப்பா கேட்டதில்லை. ஒருமுறை என் பாவாடைத் துணியின் நிறத்துக்கு ஓட்டு வைத்துத் தோற்றுப்போன ஆத்திரத்தில் நீ காஜா மாமாவின் சட்டைப்பையைத் துழாவினாயே, நினைவிருக்கிறதா? என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் என்ன போட்டார் என்று தெரிந்துவிடும் என்ற கெட்டிக்காரத்தனம். அன்று உன்னைச் சோறு இல்லாமல் வாசலில் நிறுத்தினார்கள். இன்னும் அதே பையைத்தான் துழாவிக்கொண்டிருக்கிறாய்.

சொல்லமாட்டேன். இரண்டையும் சொல்லமாட்டேன். நீ என்னைப் பிசாசு என்று நினைத்துக்கொள்ள வேண்டுமானால் நினைத்துக்கொள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். அன்று நீ தோற்றாய், ஆனாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். எனக்கு உன் மேல் மரியாதை வந்தது அன்றுதான். அதற்கப்புறம் அப்படி ஒரு காரியம் நீ செய்ததாகத் தெரியவில்லை.

வரிசையில் நின்று வந்தேன் என்கிறாய். உன்னைப் பற்றி வானொலியில் "உயிருக்குப் பயந்து ஓடி வந்தவன்" என்று அறிமுகம் செய்கிறார்களாம். உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் எந்த வரிசையில் நின்றான்? ஏறி வந்த ஏணியை எட்டி உதைக்கிறவன் மேலேயே நின்றுகொண்டு ஜனநாயகம் பேசுகிறான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

இங்கே அடுத்த வாரம் தேர்தல். தெருவில் காலையும் மாலையும் பழுப்புச் சட்டைகள் நடந்து போகின்றன. கடை வாசலில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒவ்வொரு தோள் மடிப்பும் எனக்குத் தெரியும். இது இவள் தைத்தது, அது அவள் தைத்தது. மாமாவுக்கு நல்லவேளை கண் தெரியவில்லை. எனக்குத் தெரிகிறது. குத்தவில்லையா என்று கேட்டாயே, குத்துகிறது. போதுமா?

அக்கா


மே 11

அக்காவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுதவே கூடாது என்று இருந்தேன். உங்கள் தேர்தலில் பள்ளிக்கூடத்துப் பெட்டி மறுபடி காணாமல் போனதாகச் செய்தி பார்த்தேன். சட்டை பொருத்தமாக இருந்திருக்கும், ஓடுவதற்கு வசதியாக.

இங்கேயும் தேர்தல் முடிந்தது. எங்கள் ஆள் தோற்றுவிட்டார் என்று அறிவித்திருக்கிறார்கள். யார் நம்புவது? எங்கள் டிப்போவில் பத்துக்கு எட்டுப் பேர் அவருக்குத்தான் போட்டோம். பிறகு எப்படித் தோற்பார்? கள்ளத்தனம் நடந்திருக்கிறது. எனக்குத் தெரியாததா? கள்ளத்தனத்தின் வாசனை எனக்குத் தெரியும், நான் எங்கிருந்து வந்தவன்!

எண்ணிக்கை நடக்கும் மண்டபத்துக்கு முன்னால் இரண்டு நாள் நின்றோம். மழையில் நின்றோம். பக்கவாட்டுக் கதவு வழியாகப் பெட்டிகளை உள்ளே கொண்டுபோனார்கள். நான் முன்னால் போய்க் குறுக்கே நின்று, அப்பா கேட்ட அதே கேள்வியை இந்த ஊர் பாஷையில் கேட்டேன். பெட்டி எங்கே போகுது? பின்னாலிருந்து எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டு கோஷமாக்கினார்கள். அப்பாவின் கேள்வியை ஒரு கூட்டமே கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பொத்தான் டப்பாவை நீ வைத்துக்கொள். கேள்வியை நான் எடுத்துக்கொண்டேன்.

ஊசி வீட்டை விட்டுப் போய் ஒரு சிநேகிதியோடு தங்கியிருக்கிறாள். பிடிவாதம். அத்தையின் ரத்தம். தானாக வருவாள்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

தானாக வருவாளா? ஏன் போனாள் என்று எழுத மறந்துவிட்டாயே. பேனாவில் மை தீர்ந்துவிட்டதோ?

ஊசி பக்கத்து மருந்துக்கடை போனுக்குக் கூப்பிட்டாள். அந்த மண்டபத்தில் எண்ணுகிற வேலைக்கு அவள் போயிருந்தாள் என்று உனக்குத் தெரியாதாம். உன்னிடம் சொன்னால் கத்துவாய் என்று சொல்லாமல் போயிருக்கிறாள். நீ குறுக்கே போய் நின்றாயே, அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தவள் உன் மகள். மழைக்கு முக்காடு போட்டிருந்ததால் முதலில் உனக்குத் தெரியவில்லை, சரி. நீ கேட்டதும் அவள் முக்காட்டை விலக்கிவிட்டு, நம் பாஷையில் பதில் சொன்னாளாமே.

"எண்ணற மேஜைக்குப் போகுதுப்பா. ஜன்னல் பெரிசா இருக்கு. வந்து நின்னு பாருங்க."

எவ்வளவு அழகாகச் சொல்லியிருக்கிறாள். அவள் வேறு பாஷை பேசியதைக் கேட்டதும், உனக்குப் பக்கத்தில் தோளோடு தோள் நின்ற உன் டிப்போக்காரன் அவள் முகத்துக்கு நேரே, "உன் ஊருக்கு ஓடிப்போ" என்று கத்தியிருக்கிறான். அவள் அந்த ஊரில் பிறந்தவள். அவள் உன்னைப் பார்த்தாள். நீ கையில் கோஷ அட்டையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றாய். அவள் சொல்லச் சொல்ல எனக்குக் காது எரிந்தது. "அப்பா ஒண்ணுமே சொல்லல அத்தை" என்று இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி. அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை, கதவு வந்தது. நீ கேட்ட கேள்விக்குப் பதில் வந்தது, கூடவே ஜன்னலும் காட்டினார்கள். நீ போய்ப் பார்த்தாயா? பார்க்கவில்லை. ஏனென்றால் உனக்குப் பதில் வேண்டாம், கத்துவதற்கு ஒரு கேள்விதான் வேண்டும். ஆடத் தெரியாதவன் கூடம் கோணல் என்றானாம். அப்பாவின் கேள்வியைத் திருப்பிக் கொடு. அது உன் கையில் இருக்கத் தகாது.

என் சங்கதியையும் சொல்லிவிடுகிறேன். உனக்குச் செய்தியில் வராத பகுதி.

பள்ளிக்கூடத்துப் பெட்டியைப் பழுப்புச் சட்டைகள் தூக்கிக்கொண்டு ஓடியபோது, அங்கே தேர்தல் வேலையில் இருந்த டீச்சர், ஓடியவர்களில் ஒருவனின் காலரைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டாள். அவன் ஓடிவிட்டான், காலர் அவள் கையோடு வந்துவிட்டது. இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது வெட்கம். நம் காலர் பிரிந்து வருமா? பிறகு பார்த்தேன், தையல் பிரியவில்லை, துணிதான் கிழிந்திருந்தது. அவர்கள் இறக்கிய மட்டத் துணி. அந்தக் காலரின் உள்ளே மாமா கை மறந்து வைத்த லேபிள்.

எங்கள் ஆட்கள் யாரும் அங்கே இல்லை, எதிரிகள் எங்கேயோ சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று கட்சி அறிக்கை விட்டது. டீச்சர் விடவில்லை, கோர்ட்டுக்குப் போனாள். அவளுடைய வக்கீல் கடைக்கு வந்து, இது உங்கள் தையலா என்று கோர்ட்டில் சொல்ல முடியுமா என்று கேட்டார். அவர் படி இறங்கியதும் கட்சிக்காரர் படி ஏறினார். "லேபிள் போலின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. அடுத்த வருஷ ஆர்டரும் உங்களுக்குத்தான்." குரலை உயர்த்தவே இல்லை.

தோற்றதற்காக மறுபடி டப்பா வைக்கக்கூடாது, புதிதாக ஏதாவது நடந்திருந்தால் வைக்கலாம் என்பார் அப்பா. நடந்திருந்தது. வைத்தேன். உண்மையைச் சொல்வதென்றால் வெள்ளை. சொன்னால் கடை இருக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். மாமா பொத்தானைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நிறம் தெரிய வேண்டுமே. அவருக்காக அப்பா எப்போதும் கறுப்பில் இரண்டு துளை, வெள்ளையில் நாலு துளை என்று பார்த்து எடுத்து வைப்பார், நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். ஆறு வெள்ளை, ஒரு கறுப்பு.

அந்தக் கறுப்பு யாருடையது என்று ஒருத்தியும் கேட்கவில்லை. எல்லோரும் சேர்ந்துதான் தெருவில் இறங்கி வீட்டுக்குப் போனோம்.

கோர்ட்டில் நின்று, அது எங்கள் காலர், துணி கொடுத்தது கட்சி, தைத்தது நாங்கள் என்று சொன்னேன். நாங்கள் என்பதை அழுத்திச் சொன்னேன். தைத்தோம் என்பதும் அதில் இருக்கிறதே. மறுநாள் கடைக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தீயணைப்பு விதி ஏதோ மீறப்பட்டிருக்கிறதாம். முப்பது வருஷமாக மீறாத விதி. மெஷின்கள் எல்லாம் உள்ளே. வீட்டுப் பின்கட்டில் கடன் வாங்கிய இரண்டு மெஷினை வைத்து, முறை போட்டு ஓட்டுகிறோம்.

நீ இருந்து சொல்ல வேண்டிய சாட்சி ஒன்று இந்த வீட்டில் பாக்கி இருந்தது. அதையும் நானே சொல்லிவிட்டேன். இனி நாடு கடத்தினீர்கள் என்று மைக்கில் அழாதே.

எனக்கு எழுதாதே. முதலில் உன் மகளிடம் போ.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். உன் பேச்சை என்றைக்குக் கேட்டேன்.

ஊசி தங்கியிருக்கும் வீட்டுக்குப் போனேன். சங்கிலி போட்டபடியே கதவைத் திறந்தாள். அந்த இடைவெளியில் பாதி முகம்தான் தெரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "நாளைக்கு மறுஎண்ணிக்கை. ஜன்னல் அதே இடத்துலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாத்தினாள். என் விரல் இடுக்கில் இல்லையா என்று பார்த்துவிட்டுத்தான் சாத்தினாள்.

போனேன். டிப்போ ஆட்கள் வாசலில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலுக்குப் போனேன். உள்ளே மேஜை மேஜையாக உட்கார்ந்து எண்ணுகிறார்கள். ஊசி ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, ஜன்னல் பக்கம் காட்டி, பிறகுதான் சீட்டுக் கட்டோடு சேர்த்தாள். எங்கள் ஆள் சார்பாக உட்கார்ந்திருந்தவர் ஒரு சீட்டுக்கும் ஆட்சேபம் சொல்லவில்லை. நன்றாகத்தான் எண்ணினார்கள், அக்கா. முதலில் எண்ணியதைவிட எங்களுக்கு ஏழு ஓட்டுக் குறைந்தது.

வெளியே வந்து, நான் பார்த்தேன், நாம் தோற்றுவிட்டோம் என்று சொன்னேன். அன்று ஊசியைப் பார்த்துக் கத்தினானே, அவன்தான் முதலில் திரும்பினான். நாங்கள் பன்னிரண்டு வருஷமாக ஒரே டிபன் மேஜையில் சாப்பிடுகிறோம். "உன் ஊருக்கு ஓடிப்போ" என்றான். அதே குரல், அதே வார்த்தை. எந்த ஊருக்கு என்று கேட்டேன். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கோஷத்துக்குப் போய்விட்டான். சத்தியமாகச் சொன்னால் எந்த ஊர் என்று எனக்கே தெரியவில்லை. அந்த ஊரில் அக்கா என்னை எழுதாதே என்கிறாள்.

பலகையைப் பிடுங்கிவிட்டேன். உனக்காக இல்லை, என் மனைவி ஓட்டுப் பட்டியலில் தன் பேர் இருக்கிறதா என்று பயந்துபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தேன். சந்தோஷப்படாதே. சட்டை விஷயத்தில் நீ செய்தது தப்புத்தான் என்று இப்போதும் சொல்வேன். கோர்ட்டில் சொன்னாய், அது வேறு. தைத்தது தைத்ததுதான்.

பொத்தானைப் பற்றி இனி கேட்கமாட்டேன். சோறு இல்லாமல் வாசலில் நின்றது நினைவிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன், முடிந்தால் செய். எனக்கு ஒரு சட்டை தைத்து அனுப்பு. காலரில் அப்பாவின் லேபிள் வேண்டும். வேலைக்குப் போட்டுக்கொண்டு போகப் போகிறேன். அவன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அளவை நானே எடுத்து அடுத்த கடிதத்தில் அனுப்புகிறேன்.

தம்பி


ஜூலை 19

தம்பிக்கு,

ஐயாவுக்கு வணக்கம். இந்த முறை ஒட்டவே இல்லை போலிருக்கிறது, தம்பியின் உறை வாயைப் பிளந்துகொண்டு வந்தது.

தைத்தது தப்பு என்கிறாய். தப்பு இல்லை என்று நான் எப்போது சொன்னேன்? அந்தத் தப்பில் எனக்கு ஏழில் ஒரு பங்கு இருக்கிறது. அதை நீ மைக்கில் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. உன்னை மன்னித்துவிட்டதாகவும் நினைத்துக்கொள்ளாதே. அவள் அங்கே தனியாக நின்றதை நினைத்தால் இப்போதும் உன்னை அறையத்தான் கை வருகிறது. நடுவில் கடல் இருப்பதால் பிழைத்தாய்.

சட்டை தைக்கிறேன். லேபிள் கிடையாது. இருந்ததையெல்லாம் மாமா அந்தச் சட்டைகளுக்கே வைத்துத் தீர்த்துவிட்டார். அச்சுக் கட்டை கடைக்குள், சீலுக்கு அந்தப் பக்கம். என் கண்ணுக்குத் தெரிந்து வெளியே இருப்பது ஒன்றே ஒன்று. அது கிழிந்த காலரோடு ஒரு கண்ணாடிப் பைக்குள் கோர்ட் அலமாரியில் இருக்கிறது. வழக்கு முடிந்தால் கேட்டுப் பார்க்கிறேன். எப்போது முடியும், யார் பக்கம் முடியும், தெரியாது. அதுவரை வெறும் காலரோடு போ. மாமா காஜா எடுத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார்.

அளவை நீ எடுத்து அனுப்பினால் தைக்கமாட்டேன். வயிற்றை எக்கிக்கொண்டு பொய் அளவு எழுதுவாய், உன்னை எனக்குத் தெரியாதா? சங்கிலியை எடுத்து உள்ளே விடுகிறவரைக்கும் அந்த வாசலில் நில். அளவு நாடாவை ஊசி கையில் கொடு. கழுத்து, நெஞ்சு, தோள், கை, எல்லாம் அவள் எடுத்து, அவள் கையெழுத்தில் எழுதி அனுப்பட்டும். அவள் எண்ணிச் சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

அக்கா